முடித்துவை

முதல் கூட்டத்தில் இருந்தவர்கள்: இயக்குநர். பொதுமக்கள் சார்பில் இயக்குநரின் மைத்துனர். வெளியிலிருந்து அழைக்கப்பட்ட வடிவமைப்பு ஆலோசகர். கணினிப் பிரிவுப் பொறியாளர். விசாரணை அறை எழுத்தர், அதாவது நான். பயனாளருக்காக ஒதுக்கப்பட்ட ஒரு காலி நாற்காலி.

காலி நாற்காலி ஆலோசகரின் யோசனை. வலைத்தளத்தைப் பயன்படுத்தப்போகிறவர் நம்மோடு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்றார். அரை மணி நேரத்தில் மைத்துனர் அதன்மேல் தன் பையை வைத்தார். கூட்டக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. நாற்காலியை எழுதினேன். பையை எழுதவில்லை.

எங்களுடையது மாற்றுக் குடியிருப்பு வாரியம். பாலம் கட்டவோ சாலையை அகலமாக்கவோ வீடுகளை இடித்தால், அங்கே குடியிருந்தவர்களுக்கு வேறு வீடு கொடுக்க வேண்டியது நாங்கள். இடிப்பது வேறு துறை. அவர்கள் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார்கள்.

நான் இங்கே சேர்ந்து ஆறு வருடம். அதற்கு முன்னால் ஒரு நிறுவனத்தில் இரவுப் பணி பார்த்து, பாதியில் ஓடிவந்தவன். பகலில் மனித முகங்களைப் பார்க்கிற வேலையாக இருந்தால் போதும் என்றுதான் இதில் உட்கார்ந்தேன். வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள். ஒரு மேஜை, ஒரு தொலைபேசி, ஒரு வரவு முத்திரை.

பழைய வலைத்தளம் அசிங்கமாகத்தான் இருந்தது. வெளிறிய மஞ்சள் பின்னணி. மேலே ஒரு வரி, என்றோ முடிந்துபோன ஒரு விடுமுறையை அறிவித்தபடி ஓடிக்கொண்டே இருக்கும். அதன்கீழ் ஒன்பது நீல வரிகள். அடியில் ஒரு தொலைபேசி எண். அந்த எண்ணை அழைத்தால் என் மேஜையில் மணி அடிக்கும். “மூணாவது வரியை அழுத்துங்க. பேர், முகவரி போடுங்க. கீழ ‘அனுப்பு’ன்னு இருக்கும், அழுத்துங்க. அவ்வளவுதான்.” தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். அவர்களும் அழுத்தினார்கள். விண்ணப்பம் வந்தது. வீடு எப்போதாவது கிடைத்தது.

“நம்ம வலைத்தளத்தை நேத்து முதல் தடவையா பார்த்தேன்” என்று இயக்குநர் தொடங்கினார். அவர் பதவியேற்று மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. “வெட்கமா இருந்துச்சு. திறந்த நிர்வாகம், திறந்த தரவுன்னு உலகமே பேசுது. நம்மகிட்ட திறந்த மாதிரி ஏதாவது இருக்கா? பூரா எழுத்து. படிச்சாத்தான் புரியுது.”

“ஐயா ரொம்ப ஆழமான விஷயத்தைத் தொட்டுட்டீங்க” என்றார் ஆலோசகர். “படிக்காமலே புரியணும். அதுக்கு இடம் வேணும். வெற்றிடம். பார்க்கறவங்க மனசு வந்து உட்கார்ற வெற்றிடம்.”

பக்கத்தில் இருந்த பொறியாளர் தன் நோட்டில் ‘வெற்றிடம்’ என்று எழுதி, ஆலோசகரை நோக்கி ஓர் அம்புக்குறி போட்டு என்னிடம் காட்டினார். அன்றிலிருந்து எங்கள் இருவருக்குள் அவர் பெயர் வெற்றிடம்.

வெற்றிடம் முதலில் நீக்கியது தொலைபேசி எண்ணை. “எண்ணுங்கறது தோல்வியோட அடையாளம் ஐயா. ஒருத்தர் போன் பண்றார்னா தளம் தோத்துடுச்சுன்னு அர்த்தம்.”

“எண்ணை எடுத்துட்டா?” என்றார் மைத்துனர்.

“தோல்வியே கிடையாது.”

எடுத்துவிட்டார்கள். என் மேஜைத் தொலைபேசி அடிப்பது குறைந்து, நின்றது. அடுத்த கூட்டத்தில் ‘புகார் அழைப்புகள் முற்றிலும் ஒழிக்கப்பட்டன’ என்று குறிப்பு எழுதினேன். திட்டத்தின் முதல் வெற்றி அது.

இதையெல்லாம் வேடிக்கை போலச் சொல்கிறேன். அப்போதும் வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்மேல் குற்றப்பத்திரிகை எழுதினால் முதல் வரி அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து ஊழியர்களிடம் கருத்துக் கேட்டார்கள். புதிய தளத்தின் மாதிரியைத் திரையில் போட்டு, கீழே ஒரு கருத்துப் பெட்டி வைத்தார்கள். கருத்து சுருக்கமாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பத்து எழுத்துக்குமேல் பெட்டி வாங்காது. இயந்திரம் தமிழ் எழுத்தை எண்ணும்போது புள்ளியைத் தனியாக, கொம்பைத் தனியாக, காலைத் தனியாக எண்ணும் என்று பொறியாளர் எச்சரித்தார். “நம்ம ஆளுங்க சுருக்கமாப் பேசிப் பழகட்டும்” என்றார் இயக்குநர்.

நூற்றுப்பன்னிரண்டு பேர் ‘பிடிக்கவில்லை’ என்று எழுதினார்கள். பெட்டி அதைப் ‘பிடிக்கவில’ என்று வெட்டியது. தொகுத்த பிரிவு, ‘பிடிக்க’ என்று தொடங்கிய எல்லாவற்றையும் பிடித்தவர்கள் கணக்கில் சேர்த்தது. தொலைபேசி எண் வேண்டும் என்று நான் எழுதியது ‘தொலைபேசி எ’ என்று போய்ச் சேர்ந்தது. அது ‘பொருள் விளங்காத பாராட்டுகள்’ என்ற தலைப்பின்கீழ் வந்தது.

நான்காவது கூட்டத்தில்தான் அது நடந்தது. திரையில் விண்ணப்பப் படிவம் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் இரண்டு பொத்தான்கள். ‘அனுப்பு’, ‘ரத்துசெய்’.

“இது என்ன ‘ரத்துசெய்’?” என்றார் இயக்குநர்.

“பாதியில வேண்டாம்னு தோணினா அழுத்தறதுக்கு சார்” என்றார் பொறியாளர்.

“ரத்து, நிராகரிப்பு, இல்லை, முடியாது, இந்த மாதிரி எதிர்மறைச் சொல் எதுவும் தளத்துல இருக்கக்கூடாது. வீடு இழந்தவங்க வர்ற இடம். கேட்டாலே மனசு உடைஞ்சிடும். மென்மையா சொல்லுங்க.”

“‘போய்ட்டு வாங்க’ன்னு போடலாமே அத்தான்” என்றார் மைத்துனர்.

“சொல்லே வேண்டாம். ஒரு இலை படம் போதும். உதிர்ற இலை” என்றார் வெற்றிடம்.

“ரத்துன்னா ரத்துதான் சார். அதுல மென்மையா என்ன இருக்கு?” என்றார் பொறியாளர்.

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். “கவுன்ட்டர்ல உட்கார்றவர் நீங்க. மக்கள் மொழி உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்க.”

ஆறு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் என்னிடம் எதைப் பற்றியும் கேட்டதில்லை. காது சூடாகியது. “முடித்துவை” என்றேன்.

எங்கள் அலுவலகத்தில் எந்தக் கோப்பையும் யாரும் நிராகரிப்பதில்லை. ஒன்றும் செய்யப் போவதில்லை என்று தீர்மானித்த கோப்பின்மேல் ‘முடித்துவைக்கப்பட்டது’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அலமாரியில் வைத்துவிடுவார்கள். எழுதியவர் மனதும் புண்படாது, கோப்பின் மனதும் புண்படாது. இந்தக் கட்டடத்துக்குள் அந்தச் சொல்லுக்கு இனி ஒன்றும் நடக்காது என்று பொருள். வெளியே அதற்கு நேர்மாறான பொருள். அதுவும் எனக்குத் தெரியும். கட்டடத்துக்கு வெளியே முப்பத்து நான்கு வருடம் வாழ்ந்திருக்கிறேன்.

“முடித்துவை” என்று இயக்குநர் சொல்லிப் பார்த்தார். “ஆஹா. எவ்வளவு அமைதியா இருக்கு!” கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். ‘எழுத்தரின் பங்களிப்பு பெரிதும் பாராட்டப்பட்டது’ என்று என் கையாலேயே எழுதிக்கொண்டேன். ‘பெரிதும்’ என்பது நானாகச் சேர்த்தது.

அந்த உற்சாகத்தில் ‘அனுப்பு’வையும் பிடித்துக்கொண்டார்கள். “அனுப்புன்னா நாம அவங்களைத் துரத்தற மாதிரி இருக்கு” என்றார் இயக்குநர். திறந்தநிலைக்குப் பொருத்தமாக அது ‘பகிர்’ ஆனது. ‘முடித்துவை’ நீளமான சொல் என்பதால் அந்தப் பொத்தான் பெரிதானது. மென்மையான சொல் என்பதால் பச்சை நிறம். ‘பகிர்’ சிறியது. வெற்றிடம் கெடாமல் இருக்க அதற்குச் சாம்பல் நிறம் போதும் என்றார் வெற்றிடம்.

“சார், ரெண்டும் இடம் மாறின மாதிரி இருக்கு” என்றார் பொறியாளர். “ஜனங்க படிவத்தை நிரப்பிட்டு நேரா பச்சையைத்தான் அழுத்துவாங்க.”

“அனுமானத்துல பேசக்கூடாது. சோதனை பண்ணிப் பார்ப்போம்” என்றார் இயக்குநர்.

பொதுமக்களைக் கணினி முன்னால் உட்கார வைத்தார்கள். மைத்துனர் இரண்டு விரலால் படிவத்தை நிரப்பினார். நேராகப் பச்சையை அழுத்தினார். ‘நன்றி! உங்கள் விண்ணப்பம் இனிதே முடித்துவைக்கப்பட்டது’ என்று திரை சொன்னது.

“ரொம்பச் சுலபமா இருக்கு அத்தான்!”

“பார்த்தீங்களா?” என்றார் இயக்குநர்.

பொறியாளர் என்னைப் பார்த்தார். நான் என் நோட்டைப் பார்த்தேன். ‘சோதனை வெற்றி’ என்று எழுதினேன்.

தொடக்க விழாவில் கணினித் திரைக்கு ஒரு பட்டுத் துணி போர்த்தியிருந்தார்கள். இயக்குநர் துணியை விலக்கியபோது தளம் இன்னும் வந்து சேரவில்லை. திரை வெள்ளையாக இருந்தது. அதுதான் புதிய வடிவமைப்பு என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். வெற்றிடம் கும்பிட்டு ஏற்றுக்கொண்டார்.

வாசல் கூடத்தில் ஒரு பெரிய தொலைக்காட்சியை மாட்டினார்கள். அதில் ஒரே ஓர் எண் ஓடும். ‘இதுவரை முடிந்த விண்ணப்பங்கள்.’ திறந்த தரவு என்பது அதுதான். முதல் வாரம் தொள்ளாயிரம். இரண்டாம் வாரம் இரண்டாயிரத்தைத் தாண்டியது. செய்தியாளர்கள் வந்தார்கள்.

“முன்னாடி ஒரு விண்ணப்பம் முடிய எட்டு மாசம் ஆகும்” என்றார் இயக்குநர், எண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டு. “இப்போ நாலு நிமிஷம். எங்க ஊழியர் ஒருத்தரும் தொட வேண்டியதில்லை. மக்கள் அவங்களுதை அவங்களே முடிச்சுக்கறாங்க. இதைவிடத் திறந்த நிர்வாகம் வேற எங்க இருக்கு, சொல்லுங்க?”

செய்தியாளர்கள் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அக்கா கைப்பேசியில் கூப்பிட்டாள். அக்கா வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறவள். அத்தான் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். புதிய பாலத்துக்காக அவர்கள் தெருவின் ஒரு பக்கம் முழுக்க இடிபட இருந்தது. மாத முடிவுக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும்தான் மாற்று வீடு.

“டேய், முடிச்சாச்சுடா!”

“எதைக்கா?”

“வீட்டு விண்ணப்பத்தைத்தான். ரெண்டு நாள் இழுக்கும்னு பயமுறுத்தினியே? நாலே நிமிஷம். எனக்கு மட்டும் இல்ல, தெருவுல மீதி பதினெட்டு வீட்டுக்கும் நானே போட்டுக் குடுத்துட்டேன். தையல் மெஷினைச் சுத்தி ஒரே கூட்டம். நீயே அழுத்துக்கா, உன் கை ராசிக்கான்னு ஆளாளுக்கு.”

“கடைசியில எதை அழுத்தின?”

“பச்சையைத்தான். ‘முடித்துவை’ன்னு பெருசா இருக்கே. பக்கத்துல ‘பகிர்’னு பொடியா ஏதோ இருந்துச்சு. அது போட்டோ எல்லாம் பகிர்றதுதானே? நம்ம கஷ்டத்தை எதுக்குடா ஊர் பூரா பகிரணும்?”

கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

“யார் வச்சாங்களோ, நல்ல சொல்லா வச்சிருக்காங்கடா. பாமர ஜனத்துக்கும் புரியற மாதிரி. டேய்? இருக்கியா?”

“சிக்னல் விட்டு விட்டு வருதுக்கா” என்று சொல்லி அணைத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

படிவத்தின் அடியில் பதினோராவது விதி ஒன்று உண்டு. தன் விருப்பப்படி விண்ணப்பத்தை முடித்துக்கொண்டவர் அதே வீட்டுக்காக மறுபடி விண்ணப்பிக்க முடியாது. கடைசி நாளுக்கு ஒன்பது நாட்கள் இருந்தன.

பொறியாளரின் அறை மாடிப்படியின் கீழே. நான் போய் நின்றதுமே, எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்தவர் போலத் திரையை என் பக்கம் திருப்பினார்.

“நாலாயிரத்து முந்நூற்றுப் பதினொரு பேர் பச்சை. ஆறு பேர் சாம்பல். அந்த ஆறுல அஞ்சு நான் சோதனைக்கு அழுத்தினது. மிச்சம் ஒருத்தர் கை நடுங்கித் தப்பா அழுத்தியிருக்கார். அவருக்கு மட்டும் வீடு வரும்.”

“எல்லாம் அழிஞ்சிடுச்சா?”

“எதுவும் அழியலை. ‘விருப்ப விலகல்’னு ஒரு கட்டத்துல டிக் விழுந்திருக்கு, அவ்வளவுதான். இயக்குநர் ஒரு வரி எழுதிக் குடுத்தார்னா நாலாயிரத்தையும் ஒரு நிமிஷத்துல திருப்பிடுவேன். நான் ரெண்டு தடவை போய்ச் சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“கருத்துப் பெட்டியில போடச் சொன்னார்.”

திரையை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நீங்க போங்க” என்றார். “நான் சொன்னா, ஆரம்பத்துலேருந்தே குறை சொல்றவன்னு தள்ளிடுவார். சொல் உங்களுது. வச்ச ஆளே தப்புன்னு சொன்னா கேட்டுத்தானே ஆகணும்?”

இயக்குநர் அறையில் புதிய காகித வாசனை. மேஜைமேல் ஒரு கடிதம் விரித்து வைக்கப்பட்டு, நான்கு மூலையிலும் பாரம் ஏற்றப்பட்டிருந்தது.

“நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன்” என்றார். “சிறந்த திறந்த தளம்னு விருது குடுக்கறாங்க. குறிப்பா ‘முடித்துவை’ங்கற சொல்லைப் பாராட்டி இருக்காங்க. மக்களை மதிக்கிற சொல்லாம்.”

“சார், அந்தச் சொல்லைப் பத்தித்தான். ஜனங்க விண்ணப்பம் போய்ச் சேர்றதா நினைச்சு அதைத் தப்பா அழுத்தறாங்க.”

“மக்கள் தப்பு பண்றாங்கன்னு சொல்றீங்களா?” அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. “எவ்வளவு பெரிய ஆணவம் அது! நாலாயிரத்துச் சொச்சம் பேர் தன் கையால, தன் விருப்பத்தோட ஒரு பொத்தானை அழுத்தியிருக்காங்க. அதை மாத்த நீங்க யாரு, நான் யாரு?”

“அவங்களுக்கு வீடு கிடைக்காது சார்.”

“முன்னாடி மட்டும் கிடைச்சுதா? எட்டு மாசம் காத்திருந்து பாதிப் பேருக்குக் கிடைக்கலை. இப்போ நாலே நிமிஷத்துல கிடைக்கலை. மிச்சமான நேரத்தை நினைச்சுப் பாருங்க. அதுதானே சேவை?”

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“உங்களுக்கு ஏன் இவ்வளவு துடிப்பு? இதுல யாராவது சொந்தமா?”

“எங்க அக்கா சார்.”

“அட! அதை முதல்லயே சொல்ல வேண்டாமா?” குரல் குழைந்தது. ஒரு துண்டுத் தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார். “நான் என்ன கல் நெஞ்சக்காரனா? பேரைச் சொல்லுங்க.”

அந்தத் தாள் உள்ளங்கை அகலம் இருக்கும். பொடியாக எழுதினால் பத்தொன்பது பெயர்களும் அதில் அடங்கும். எனக்குப் பத்தொன்பது பெயர்களும் தெரியும். அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தெருவில் என்னை நிறுத்தி நலம் கேட்கிறவர்கள். முதல் வீட்டில் தச்சர். அவருக்கு அடுத்து இரட்டைக் குழந்தைகளோடு செவிலி. கடைசி வீட்டில் தனியாக இருக்கும் கடிகாரக்காரர். என் கைக்கடிகாரத்துக்கு அவர்தான் பட்டை மாட்டிக் கொடுத்தார்.

ஒரு பெயரைச் சொன்னேன்.

“வேற?” என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிக்கொள்வதில்லை.

“உங்க ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுதில்ல?” என்றார், தாளை நீட்டியபடி. “கவலைப்படாதீங்க. சொல்வளம் உள்ள ஆள் நீங்க.”

பொறியாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒண்ணுதானா?”

“ஒண்ணுதான்.”

அவர் டிக்கை எடுத்துவிட்டார். நான் வெளியே வரும்வரை திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு விசாரணை அறைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எல்லோர் கையிலும், திரையில் வந்த நன்றியை அச்செடுத்த தாள். சிலர் அதைக் கண்ணாடி உறையில் போட்டு வைத்திருந்தார்கள். “முடிஞ்சிடுச்சுன்னு வந்திருக்கு, சாவி எப்போ குடுப்பீங்க?” என்று கேட்டார்கள். தகவல் தளத்தில் இருப்பதாகச் சொல்லும்படி எனக்கு உத்தரவு. சொன்னேன். தளத்தில் நன்றி மட்டும்தான் இருந்தது. ஒருவர் தாளை என் முன்னால் விரித்து, ‘இனிதே’ என்ற சொல்லின்மேல் விரலை வைத்துக் காட்டினார். “இனிதேன்னு போட்டிருக்கே சார், அப்போ கிடைச்சிடுச்சுன்னுதானே அர்த்தம்?” நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்பது போல ஆட்டுவதற்கு ஆறு வருடப் பயிற்சி இருக்கிறது.

கூட்டம் வாசல் தொலைக்காட்சியை மறைக்கத் தொடங்கியதும் சுற்றறிக்கை வந்தது. ‘திறந்தநிலைக் கொள்கையின் அடுத்த கட்டமாக விசாரணை அறை, மாதத்தின் கடைசி நாள் மாலை ஐந்து மணியுடன் நிரந்தரமாக மூடப்படும். வாரியம் இனி எல்லா நேரமும் இணையத்தில் திறந்திருப்பதால் கதவு தேவையற்றது. எழுத்தர், முத்திரை மற்றும் மைத்தட்டை மறுநாள் காலை ஒப்படைத்துவிட்டு, திறந்தநிலைப் பொறுப்பாளராகப் பணியைத் தொடர்வார்.’

கீழே என் பெயர் இருந்தது. ஒப்பந்தத்தை மூன்று வருடத்துக்கு நீட்டித்திருந்தார்கள்.

கடைசி நாள் நாலே முக்காலுக்கு அக்கா வந்தாள். நடந்தே வந்திருக்கிறாள், செருப்பெல்லாம் தூசி. துணி வெட்டுகிற மேஜையிலிருந்து அப்படியே எழுந்து வந்தது போலத் தோளில் அளவுநாடா தொங்கியது. எதிரில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தாள்.

“டேய், எனக்கு மட்டும் ‘பரிசீலனையில்’னு வந்திருக்குடா. தெருவுல வேற ஒருத்தருக்கும் வரலை. எல்லாரும் என்னைக் கேக்கறாங்க.”

“என்னன்னு?”

“உன்னுதை மட்டும் சரியா அழுத்திட்டு எங்களுதைத் தப்பா அழுத்திட்டியான்னு. தச்சர் நேராவே கேட்டுட்டார். கடிகாரக்காரர் ஒண்ணும் கேக்கலை. எதிர்ல வந்தாத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிடறார், அதுதான் தாங்கலை.” அவள் நாடாவின் முனையை விரலில் சுற்றினாள். “நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். முதல்ல என்னுதைத்தான் போட்டேன். ஒருவேளை அதுல மட்டும் வேற எதையாவது தொட்டுட்டேனோ? அப்புறம் ஆளுங்க சுத்தி நின்ன வேகத்துல எங்கயோ தப்பு பண்ணிட்டேன் போல. என் மேலதான்டா தப்பு.”

இதுதான் சமயம். அது எனக்குத் தெரிந்தது. “அப்படி எல்லாம் இருக்காதுக்கா” என்றேன்.

“சரி, அது போகட்டும். ராத்திரி பூரா உட்கார்ந்து கையால எழுதிட்டேன். பதினெட்டு மனு.” கட்டை என் பக்கம் தள்ளினாள். ஒவ்வொன்றிலும் அவள் எழுத்து, கீழே ஒவ்வொருவர் கையெழுத்து. ஒன்றில் பெருவிரல் ரேகை. “கோர்ட்டுல ஒரு வக்கீலைக் கேட்டேன். இன்னைக்குத் தேதி போட்டு ஆபீஸ் முத்திரை விழுந்திருந்தாப் போதுமாம். நாள் தவறலைன்னு ஆயிடுமாம். மத்ததை அவர் பார்த்துக்கறேன்னார். நீ வேற ஒண்ணும் பண்ண வேண்டாம். முத்திரை மட்டும் குத்திக் குடு.”

முத்திரை என் வலது முழங்காலுக்குமேல் இருந்த இழுப்பறையில் இருந்தது. காலையில் வந்ததும் பழக்கதோஷத்தில் தேதியைக்கூட மாற்றி வைத்திருந்தேன். மைத்தட்டு ஈரமாக இருக்கும். பதினெட்டுத் தாளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. குத்தினால் நாளை காலை இயக்குநர் அறையில் நிற்க வேண்டியிருக்கும். அந்தச் சொல் யாருடையது, அந்த ஒரு பெயர் எப்படித் திரும்பி வந்தது, எல்லாம் வெளியே வரும். மூன்று வருட ஒப்பந்தமும் போய்விடும்.

“முத்திரையை வாங்கிட்டுப் போயிட்டாங்கக்கா.”

“எப்போடா?”

“காலையில.”

அவள் மேஜையைப் பார்த்தாள். வழக்கமாக முத்திரை இருக்கிற இடத்தில் வட்டமாக ஒரு மைக்கறை. பிறகு என்னைப் பார்த்தாள். எழுந்து சண்டை போடுவாள், இழுப்பறையைத் திற என்பாள் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். அவள் அப்படிச் செய்ய வேண்டும் என்று விரும்பவும் செய்தேன்.

“சரி விடு” என்றாள். “இருந்தா நீ போடாமலா இருப்ப?”

தாள்களை மேஜையில் தட்டி விளிம்பு சேர்த்தாள். பதினெட்டும் இருக்கிறதா என்று மூலையை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தாள். “மூஞ்சியே சரியில்லை உனக்கு. ரொம்பப் போட்டு வாட்டறாங்களா? இப்பவாவது நல்ல வேலை குடுத்தாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்.”

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஆக இரண்டு நிமிடம். நான் எழுந்தேன். அவளும் எழுந்தாள். வாசற்படியில் நின்று திரும்பினாள்.

“நாளைக்கு அவங்களை யார்கிட்ட போய்க் கேக்கச் சொல்றது?”

“தளத்துல எல்லாம் இருக்குக்கா.”

அவள் தலையாட்டிவிட்டு வெளியே போனாள். நான் கதவைச் சாத்தினேன். உள்ளிருந்து சாவியை இரண்டு சுற்று திருப்பினேன். பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தேன்.